உப்புத் தொட்டிக்கு வந்த பிளம்பர்

அந்தக் கண்ணாடித் தொட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் ஸ்கர்ட்டுகளுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். கிளியூர் போகும் சாலையில், எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தையல்கடை. ஏற்காட்டில் ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. ஜூன் மாதம் நெருங்கினால் அடர்நீலத்தைத் தவிர வேறு நிறம் என் கண்ணுக்குத் தெரியாது. என் கணவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். ஏரிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பறையை இடித்துக் கட்டப்போவதாகவும், அங்கே இருந்த மீன் தொட்டியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்களாம். அந்த 'யார் வேண்டுமானாலும்' தாம்தான் என்று இவர் முடிவு செய்துவிட்டார்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். நாலடி நீளம். பின்னாலேயே ஒரு சின்னத் தொட்டி வேறு.

"ஏம்புள்ள, இதை எங்க வெக்கறது?" என்றார்.

"எடுத்த எடத்துலயே."

"அங்க இப்ப சோபா போட்டுட்டாங்க புள்ள."

திட்டலாம் என்று எழுந்தவள், அவர் கையில் இருந்த வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டேன். அதுதான் தப்பு. உள்ளே இரண்டு மீன்கள். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை, பட்டையின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. ரிப்பன் வைத்துத் தைத்து, ஓரம் அடித்து அனுப்பிய மாதிரி அவ்வளவு சுத்தமான வேலை. இருபது வருடமாக மிஷின் மிதிப்பவள் நான். அப்படி ஒரு ஓரம் எனக்கு வந்ததில்லை. பட்டன் டப்பாக்கள் இருந்த பெஞ்சைக் காலி செய்து கொடுத்தேன்.

இது கடல் மீன், இதற்குக் கடல் தண்ணீர்தான் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. லாட்ஜில் இருந்த பழைய தண்ணீரைக் கேன்களில் பிடித்துவந்து முக்கால் தொட்டி நிரப்பினோம். மீதிக்கு என்ன செய்வது? ஏற்காட்டில் எல்லாம் கிடைக்கும், கடல் மட்டும் கிடைக்காது. இவருக்கு அந்த வாரம் ராமேஸ்வரம் டிரிப் இருந்தது. திரும்பி வரும்போது வேனின் பின்சீட்டுக்குக் கீழே ஆறு கேன் கடல் தண்ணீரோடு வந்தார். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டார்களாம். நடந்ததை இவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"கேன்ல என்னய்யா?"

"கடல் தண்ணிங்க சார்."

"மலைக்கு எதுக்குய்யா கடல் தண்ணி?"

செக்போஸ்ட் போலீஸ்காரர் நம்பவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணிப்போயிற்று. உடனே இவர், "ராமேஸ்வரத்துத் தண்ணிங்க சார்" என்றிருக்கிறார். அவ்வளவுதான், கோணிய முகம் நேராகி, ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, ஒரு தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து நீட்டினாராம்.

மலைக்கு மேலே வந்த பிறகு இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? அந்தக் கதையை டீக்கடையில் சொல்லிவிட்டார். இரண்டு நாளைக்கு எங்கள் வாசலில் சொம்பும் டம்ளருமாக ஆள். பக்தர்களுக்குப் போக மிஞ்சியதுதான் மீனுக்குக் கிடைத்தது.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு ஆடை படிய ஆரம்பித்தது. நான் தினமும் பேப்பரை விரித்து அதை ஒற்றி எடுப்பேன். மறுநாள் காலையில் மறுபடியும் இருக்கும். போதாததற்கு, மலைக் குளிருக்கு ஒரு ஹீட்டர், காற்று விடும் மோட்டார், ஃபில்டர் என்று தொட்டிக்குள் சாமான்கள் குவிந்து, மீன்கள் இரண்டும் பாத்திரக்கடைக்குள் புகுந்தவை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. சேலத்தில் மீன் கடை வைத்திருப்பவரிடம் போனில் கேட்டேன்.

"மேல்தண்ணி தானா வழிஞ்சு கீழ போகோணுமுங்க. கீழ இன்னொரு தொட்டி வெச்சு, அதுல சுத்தமாகி, மோட்டார்ல மறுபடி மேல வரோணும். அந்தக் கீழ்த்தொட்டிக்கு சம்ப்புன்னு பேரு. அழுக்கு, ஹீட்டர், மோட்டார் எல்லாமே அங்க போயிரும்" என்றார். அப்புறம், "அதெல்லாம் உங்களால ஆகாதுங்க, ஆள் வெச்சுத்தான் செய்யோணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஆள் வைத்திருப்பேன்.

போனில் வீடியோக்களைப் பார்த்தேன். பேசுவது ஒன்றும் புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். யாரோ வெட்டுவதைப் பார்த்துத்தானே நான் ஜாக்கெட் வெட்டவே பழகினேன். பத்துப் பதினைந்து முறை பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. தொட்டியில் ஓட்டை போட வேண்டியதில்லை. விளிம்பைத் தாண்டுகிற மாதிரி வளைந்த குழாய், ஒரு கால் தொட்டிக்குள், ஒரு கால் வெளியே. உள்ளே இருக்கும் காற்றை ஒருமுறை உறிஞ்சி எடுத்துவிட்டால் தண்ணீர் விளிம்பேறி இறங்கி, தானாகக் கீழே ஓடும். வண்டியிலிருந்து டியூப் வைத்து டீசல் எடுக்கிற அதே வித்தைதான். வெளிக்காலை ஒருமுறை கீழே வளைத்து மேலே ஏற்றி, பிறகு இறக்க வேண்டும். அப்படிச் செய்தால் கரண்ட் போய் மோட்டார் நின்றாலும் வளைவுக்குள் தண்ணீர் நின்றுகொள்ளும். கரண்ட் வந்ததும் மறுபடி ஓடும்.

ஒரு தாளில் படம் போட்டு, வளைவுக்கு எல்போ ஆறு, மூன்று வாய் வைத்த டீ இரண்டு, ஒரு இஞ்ச் பைப் பத்தடி என்று எழுதிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன்.

ஹார்டுவேர் கடைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். நான் சீட்டை நீட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை.

"எதுக்குங்க அம்மிணி?"

"மீன் தொட்டிக்குங்ண்ணா."

"பிளம்பர் எங்கீங்க?"

"நாந்தானுங்க செய்யறேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "பிளம்பரை வரச் சொல்லுங்க. பொம்பளைங்க வாங்கீட்டுப் போனா நாளைக்கு அளவு சேரலைன்னு திருப்பிக் கொண்டாருவீங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்த ஆளுக்கு ஆணி எடை போடப் போய்விட்டார்.

அங்கேயே நின்றேன். என் ஜாக்கெட்டின் வலது கை ஈரமாக இருந்தது. கடைக்குக் கிளம்புவதற்கு முன்புதான் தொட்டிக்குள் கையை விட்டு அளவு எடுத்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"பிளம்பர் அங்க தொட்டிக்குள்ள கையை உட்டுக்கிட்டு நிக்கறாருங்ண்ணா. அவுருதான் எழுதிக் குடுத்து உட்டாரு."

"அதை மொதல்லயே சொல்லுறதில்லீங்களா!" என்று ஆணியை அப்படியே போட்டுவிட்டு வந்தார். எனக்கு ஒரு ஸ்டூல்கூட வந்தது. சீட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்து, "கையெழுத்து நல்லாருக்குதுங்க பிளம்பருக்கு" என்றார்.

அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு பிளம்பர் வேலை செய்ய ஆரம்பித்தார்.

அவரால் எனக்குக் கிடைத்த வசதிகளைச் சொல்லி மாளாது. எல்போ அளவு தப்பிவிட்டால், "பிளம்பர் மாத்தித் தரச் சொன்னாருங்க" என்றால் போதும், ஒரு கேள்வி இல்லாமல் மாற்றிக் கொடுப்பார். அதே கடையில் போன வருஷம் ஒரு பைப் வாசரை மாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது உள்ளே வந்து பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவில் எது நல்லது, எது காய்ந்த பிறகு விட்டுப்போகும் என்றெல்லாம் ரகசியம் சொன்னார். எல்லாமே பிளம்பருக்குச் சொல்லச் சொல்லித்தான்.

ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டுக் கோபமே வந்துவிட்டது அவருக்கு.

"ஏனுங்க, உங்க பிளம்பருக்கு என்ன ஆச்சு? வெளிய எறங்கற இந்த வளைவுல காத்துப் புடிச்சுக்குமே! தண்ணி முக்கி முக்கி எறங்கும். இந்த எடத்துல ஒரு டீயைப் போட்டு, மேல்பக்கம் தொறந்து உடச் சொல்லுங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க."

எனக்குத் தோன்றாத விஷயம் அது. ஆனால் உடனே தலையாட்டினால் பிளம்பரின் மானம் என்ன ஆவது? "கேட்டுச் சொல்றேனுங்ண்ணா" என்று எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போய், "அண்ணா சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிட்டாருங்க" என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "கெட்டிக்காரன் ஒத்துக்குவானுங்க" என்று சொல்லி, டீக்கடையில் பிளம்பருக்கென்று பார்சல் டீயும் இரண்டு போண்டாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். டீயை நான் குடித்தேன். போண்டாவை என் கணவர் தின்றுவிட்டு, "உன்ற பிளம்பரை அடிக்கடி வரச் சொல்லு புள்ள" என்றார்.

வேலை மட்டும் போண்டா மாதிரி சுலபமாக உள்ளே இறங்கவில்லை. கீழே வைக்க அந்தச் சின்னத் தொட்டி இருந்தது. அதற்குள் மூன்று கண்ணாடித் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரிக்க வேண்டும். தண்ணீர் ஒவ்வொரு அறையாகத் தாண்டி, அழுக்கை விட்டுவிட்டு, கடைசி அறையில் இருக்கும் மோட்டாருக்குப் போகும். நான் இஞ்ச் டேப்பால் அளந்து, சாக்பீஸில் குறித்து, சேலத்தில் கண்ணாடி வெட்டி வரச் சொன்னேன். வந்தது. ஒன்றுகூடத் தொட்டிக்குள் இறங்கவில்லை. மூன்றும் சொல்லிவைத்தது மாதிரி ஒரு இஞ்ச் அகலமாக இருந்தன.

யோசித்துப் பார்த்தால், தையலுக்குப் பக்கத்துக்கு அரை இஞ்ச் விட்டு அளவு கொடுத்திருக்கிறேன். இருபது வருடப் பழக்கம், கை தானாக விட்டுவிட்டது. துணியாக இருந்தால் மடித்து அடித்திருப்பேன். கண்ணாடியை எங்கே மடிப்பது? இவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "பின்னால பெருசாச்சுன்னா பிரிச்சு உட்டுக்கலாம்னு வெச்சயா?" என்றார். மறுபடி வெட்டிவந்த தடுப்புகளைச் சிலிக்கான் பசையில் ஒட்டிக் காயவைத்தேன். பசை வைத்த வரி நேராக இருந்தது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்க்கிற அன்று காற்றை உறிஞ்சும் வேலையை இவரிடம் கொடுத்தேன். டீசல் உறிஞ்சிப் பழகியவர் ஆயிற்றே. குழாயின் உச்சியில் நான் செருகியிருந்த மெல்லிய டியூப்பை வாயில் வைத்து ஒரே இழுப்பு. தண்ணீர் குழாயில் ஏறி, விளிம்பைத் தாண்டி, கீழ்த்தொட்டிக்குள் கொட்டியது. கொஞ்சம் இவர் வாய்க்குள்ளும் கொட்டியது. இவர் துப்புவதற்கு வாசலுக்கு ஓட, நான் டியூப்பைக் கவ்வி முடிச்சுப் போட்டுவிட்டு மோட்டாரைப் போட்டேன். மேலே போன தண்ணீர் வழிந்து கீழே வந்தது, கீழே வந்தது மேலே போனது. பிசுக்கு ஆடை குழாயின் வாய்ப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து, கிழிந்து, காணாமல் போயிற்று. தையல் மிஷின் முதன்முதலாக வாங்கிவந்த நாளில்கூட நான் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்ததில்லை.

ஒரே ஒரு குறை. அதன் சத்தம். கழிவறையில் யாரோ இடைவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது போலக் கேட்கும். அளவு கொடுக்க வந்த பெண்கள் பாதி அளவிலேயே நெளிய ஆரம்பித்து, "அக்கா, பாத்ரூம் எங்கீங்க?" என்பார்கள். ஒருவர் கூடத் தப்பவில்லை. திறந்து விட்டிருந்த டீயின் வாயில் ஒரு மூடி போட்டு, அதில் சின்னத் துளை இட்ட பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது.

சரியாக ஒரு வாரம். மத்தியானம் பேய்க் காற்று, மழை. எங்கேயோ சில்வர் ஓக் மரம் கம்பியில் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. நான் உள்ளே துவைத்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் நின்றால் என்ன, வளைவில் தண்ணீர் நின்றுகொள்ளும் என்ற நிம்மதி எனக்கு. வழிகிற குழாய் சொன்னபடி நின்றுதான் இருந்தது. துரோகம் செய்தது இன்னொன்று. மோட்டாரிலிருந்து மேலே தண்ணீர் கொண்டுபோகும் குழாயின் முனையைத் தொட்டிக்குள் ஒரு முழம் ஆழத்தில் விட்டிருந்தேன். மோட்டார் நின்றதும் அந்தக் குழாய் தலைகீழாக வேலை செய்ய ஆரம்பித்து, மேல்தொட்டியைக் கீழே உறிஞ்சிக்கொண்டிருந்தது. முன்னறைக்கு வந்தபோது கீழ்த்தொட்டி நிரம்பி, ராமேஸ்வரம் என் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. தைத்து முடித்து அடுக்கிவைத்த ஸ்கர்ட்டுகளின் அடிவரிசை நனைந்துவிட்டது. குழாயைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். துணி காய்ந்ததும் அடர்நீலத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பதினாறு ஸ்கர்ட்டையும் திரும்ப அலசித் தேய்த்தேன். அழுகை வந்தது, உண்மைதான். அந்த ஒரு சாயங்காலம் அந்த மீன்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் கோபம் ஆறி யோசித்தேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால்? மட்டம் இறங்கியதும் ஓட்டை வழியாகக் காற்றுப் புகுந்து, இழுப்பு அறுந்துவிடுமே. கோணி தைக்கிற ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, குழாயில் குத்தினேன். நீரில் வைத்து மோட்டாரை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு விரல் இறங்கியது, உர்ரென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. பத்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பத்து முறையும் நின்றது.

இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்வதற்கென்றே கடைக்குப் போனேன், வாங்க ஒன்றும் இல்லாமலே.

"ஊசியிலயா?" கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "பிளம்பர் ஊசியில ஓட்டை போட்டாருங்களா? அவருகிட்ட ஊசி எப்படீங்க வந்துச்சு?"

அப்போதும் வாய் முந்திக்கொண்டது.

"அவரு சம்சாரம் டைலருங்ண்ணா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "அப்படீங்களா" என்றார். பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். பிழைத்தேன் என்று வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து என் கணவர் ஒரு தினுசான நடையோடு வீட்டுக்குள் வந்தார். மார்பு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம ஹார்டுவேர்க்காரரு ஊட்டுக்குப் போறேன். அவுரு ஊட்டு மேல்தொட்டி தெனமும் நெறைஞ்சு கூரையில வழியுதாமா. நம்மளைத்தான் பாக்கச் சொல்லியிருக்காரு."

"நம்மளைன்னா?"

"என்னைத்தான் புள்ள. கடைவீதியில புடிச்சுக்கிட்டாரு. 'ஏனுங்க, இத்தனை நாளா மறைச்சுட்டீங்களே, டிரைவர் வேலைக்கு நடுவுல இப்படியொரு கைவேலையா'ன்னு நொம்ப மரியாதையாப் பேசினாரு. டீயும் வாங்கிக் குடுத்தாரு. இல்லீன்னு எப்படிச் சொல்றது?"

டைலரின் கணவர் யார் என்று அந்த மனிதர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். இவரும் கூச்சமே இல்லாமல் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறார். இவருக்கு ஸ்டெப்னி டயர் மாட்டத் தெரியும். அதைத் தாண்டி ஒரு ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.

சிரிப்பு வந்தது. கூடவே எதிர்பாராமல் ஒரு வலியும் வந்தது. இல்லாத ஆளுக்குப் பாராட்டுப் போன வரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அது சுற்றிக்கொண்டு என்னிடமே வந்துவிடுகிற மாதிரிதான் இருந்தது. இப்போது அதை இருக்கிற ஒரு ஆள் வாங்கிக்கொண்டு, டீயும் குடித்துவிட்டு வந்து நிற்கிறார்.

"போய்ட்டு வாங்க. நல்லாச் செய்யுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நீ வரலையா?"

"பிளம்பரு நீங்கதானே?"

சனிக்கிழமை முழுக்கக் கெஞ்சினார். பாத்திரம் கழுவினார். பட்டன்கூட வைத்துக் கொடுத்தார், ஒன்றும் நேராக இல்லை. கடைசியில், உதவியாளாக வருகிறேன், ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று ஒத்துக்கொண்டேன்.

கடைக்காரர் வீட்டு மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. அவர் மனைவி பிளாஸ்கில் காபியோடு படிக்கட்டில் நின்றார். கடைக்காரர் பெரிய பைப் ஸ்பேனரை இரண்டு கையாலும் என் கணவரிடம் கொடுத்தார். இவர் அதை வாங்கி, மண்வெட்டி பிடிக்கிற மாதிரி பிடித்தார். தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். "ம்ம்" என்றார். அதற்கு மேல் சரக்கு இல்லை.

நான் பேசுவதில்லை என்று இருந்தேன். ஆனால் கண் என்னவோ குழாய்களையே பார்த்தது. தொட்டிக்குள் வரும் குழாய் ஒரு இஞ்ச். வழிந்து போக வைத்திருந்த குழாயும், அதைத் தொட்டியில் மாட்டுகிற நிப்பிளும் அரை இஞ்ச். எங்கள் வீட்டுக் கீழ்த்தொட்டியோடு மல்லுக்கட்டியதில் நான் படித்த முதல் பாடமே அதுதான், வருவதைவிடப் போகிற வழி பெரியதாக இருக்க வேண்டும். கை அரித்தது.

"வர்றது பெருசு, போறது சிறுசு" என்று இவர் முதுகுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தேன்.

"வர்றது பெருசு, போறது சிறுசுங்க" என்றார் இவர் உரக்க.

"அட!" என்றார் கடைக்காரர். "அப்ப என்னங்க பண்ணலாம்?"

"நிப்பிளைக் கழட்டி ஒண்ணே கால் போடோணும்."

"நிப்பிளைக் கழட்டி ஒண்ணே கால் போடோணுமுங்க."

"இடத்தை ரெண்டு விரக்கடை எறக்கி."

"இடத்தை ரெண்டு வெளக்குக்கடை எறக்கி."

நான் சொன்ன விரல் அளவு இவர் காதில் விளக்குக் கடையாகிவிட்டது. கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். பிறகு எட்டி, அவர் தோளுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. அவர் மெதுவாக நடந்து வந்து, இவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"அம்மிணி, அவுரு வாயால எதுக்குங்க? நேராவே சொல்லுங்க."

நான் வாங்கிக்கொண்டேன். தலை நிமிரவில்லை.

"அந்த டீ, போண்டா எல்லாம்?" என்று கேட்டார்.

"டீ நானுங்க. போண்டா இவருங்க."

"என்னை நொம்பத்தான் ஏமாத்திப்போட்டீங்க." குரலில் வருத்தம் இருந்தது. "பொம்பளைன்னா நான் குடுத்திருக்க மாட்டனாக்கும்?"

"குடுக்கலையேங்ண்ணா. மொத நாளு நாந்தான் செய்யறேன்னு சொன்னேன். நீங்க ஆணி எடை போடப் போய்ட்டீங்க."

அவர் எங்கேயோ பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மிளகுக் கொடிக்கு ஏணி சாத்திக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தார். "ஆமாங்க, போயிட்டேன்" என்றார். டிரில் மிஷினை எடுத்துவரக் கீழே இறங்கிப் போனார். அவர் வந்ததும் வேலையை ஆரம்பித்தோம். நான் குறித்த இடத்தில் அவர் துளை போட்டார். பழைய நிப்பிளைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துவிட்டு, புதியதை முறுக்கினேன். அவருக்கு வாசர் போடத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது, அதைச் சொல்லிக் கொடுத்தார். என் கணவர் காபி குடித்தார்.

முடிகிற நேரத்தில் சும்மா இல்லாமல் கேட்டேன். "ஏனுங்ண்ணா, ஊருக்கே பைப் விக்கறீங்க. இந்த அரை இஞ்சைப் போட்டது யாருங்க?"

"அது… முன்னால ஒரு பிளம்பர் வந்தானுங்க. இப்ப ஊர்ல இல்லை."

படிக்கட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எந்தப் பிளம்பரு? நீங்கதான ரெண்டு நாளு மேல ஏறி நின்னு போட்டீங்க!"

முதலில் சிரித்தது அவர்தான். வேறு வழியில்லை அவருக்கு. அதன் பிறகு நாங்கள் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிப் பார்த்தோம். ஒரு சொட்டு கூரையில் விழவில்லை.

அடுத்த வாரம் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மீனைப் பார்க்க வந்தார். மீனைப் பார்த்தது அவர் மனைவி. அவர் தரையில் மண்டி போட்டு, பெஞ்சுக்குக் கீழே தலையை விட்டு, கீழ்த்தொட்டியையே அரைமணி நேரம் பார்த்தார். ஒரு இடத்தில் சொல்யூஷன் அதிகம் என்றார். அது உண்மைதான்.

அவர்கள் வந்துபோய்ச் சில மாதம் கழித்து, ஒரு காலையில் தொட்டிக்குள் இருந்த கல்லின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கசகசா ஒட்டியது மாதிரி ஒரு திட்டு. முட்டை. இரண்டு மீன்களும் மாறி மாறி வாலால் அதை விசிறிக்கொண்டு, கிட்டே போன என் விரலைக் கடிக்க வந்தன. என் கணவர் வேனில் ஏறிய அத்தனை பேரிடமும் சொன்னார். இரண்டு குடும்பம் பகோடா பாயிண்ட்டுக்குப் போகிற வழியில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. குஞ்சு பொரித்தால் எங்கே வைப்பது, வழிகிற குழாய்க்குள் போய்விடாமல் எப்படித் தடுப்பது என்று நான் கொசுவலைத் துணியில் ஒரு பை தைத்து, குழாயின் வாயில் கட்டினேன். தடித்த நூலில் இரட்டைத் தையல்.

மறுநாள் காலையில் பார்த்தால் கல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒன்றுகூட இல்லை. பையில் தேடினேன், கீழ்த்தொட்டியில் டார்ச் அடித்துத் தேடினேன், மோட்டாரைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். சேலத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"மொதத் தடவை அப்படித்தானுங்க" என்றார். "அதுகளே தின்னுபோடும்."

தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டும் கண்ணாடியோரமாக வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, காலைத் தீனிக்கு நின்றுகொண்டிருந்தன.